ஐஎஸ்ஓ 100-ஐ விட்டு நகரவே கூடாதா?

"புது கேமராவில் ஐஎஸ்ஓவை 100-லேயே வையுங்கள், ஏற்றினால் படம் கெட்டுவிடும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளி உணர்திறன் அளவு. முக்காலியில் கேமரா, அசையாத பொருள் என்றால் 100 நல்லதுதான். ஆனால் இரவில் வீட்டுக்குள், கேமராவோடு வரும் கிட் லென்ஸில், 100 வைத்தால் ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/4 நொடி வரைகூட இறங்கிவிடும், அந்தக் கால் நொடியில் குழந்தை தலையைத் திருப்பினால் முகமே கலங்கிப் போகும். அதே வெளிச்சத்தில், அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) தொடாமல், 1600-க்கு ஏற்றினால் 1/60 கிடைக்கும். ஓடுகிற பிள்ளைக்கு அதுவும் போதாது, 1/250 வேண்டும், அதற்கு 6400. கொஞ்சம் புள்ளி, அதாவது நாய்ஸ், தெரியும், தெரியட்டுமே! நாய்ஸை மென்பொருளில் நிறையவே குறைக்கலாம், அசைந்து கலங்கிய முகத்தை மீட்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பீர்கள், அது நம் கை நடுக்கத்துக்குத்தான், எதிரில் இருப்பவரை அது பிடித்து நிறுத்தாது. அப்புறம், 100-லேயே இருட்டாக எடுத்துக் கணினியில் வெளிச்சம் ஏற்றினாலும் நாய்ஸ் வரத்தான் செய்யும், கேமராவே சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பு என்றால் இன்னும் மோசம். ஐஎஸ்ஓவைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு, உச்சவரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 (ஓடுகிற பிள்ளை என்றால் 1/250) என்று வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகலாம். நானும் முதல் சில மாதங்கள் 100-ஐக் கட்டிக்கொண்டு அழுதவன்தான்.