முதல் சர்வீசுக்கு முன் புது வண்டியில் கை வைக்காதீர்கள்

சென்ற வாரம் என் அக்காள் மகன் புது வண்டியோடு கம்பத்திலுள்ள எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கெழுதும் அவன், நாள்தோறும் கம்பம்மெட்டு மலைச்சாலையில் போய் வருகிறவன். 350 சிசி வண்டி அவனுக்குப் பல ஆண்டுக் கனவு. மீட்டரில் 180 கிலோமீட்டர்கூட ஏறியிருக்கவில்லை. "மாமா, சைலன்சரை மாற்றி, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, இரண்டு ஃபாக் லைட் போட வேண்டும், நல்ல கடையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டான். அவனிடம் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

வண்டியை நமக்கேற்ப மாற்றிக்கொள்வது தவறு என்பது என் கருத்தல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குமுளிச் சாலையில் மூடுபனிக்குள் வந்தவர்களுக்கு, நல்ல விளக்கு ஆடம்பரமல்ல என்பது தெரியும். ஆனால் முதல் சில நூறு கிலோமீட்டரில் வண்டியில் தோன்றும் குறை கம்பெனியில் இருந்தே வந்ததா, நாம் உண்டாக்கியதா என்று பிரித்தறிய முடிய வேண்டும். அந்த நாட்களிலேயே நாம் கை வைத்துவிட்டால், அந்த வேறுபாட்டைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதை நான் பட்டே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், வண்டி எடுத்த பத்தாம் நாளே இரண்டு 40 வாட் விளக்குகளைப் பொருத்தினேன். பொருத்தியவர் ரிலே (விளக்குக்கான மின்னோட்டத்தைப் பழைய சுவிட்சின் வழியே விடாமல் தனி வழியில் விடும் சாதனம்) வைக்காமல், ஹெட்லைட் வயரின் மேலுறையைச் சீவி, அதிலிருந்தே இணைப்பெடுத்து டேப் சுற்றிவிட்டார். 55 வாட் பல்புக்காக, அதாவது ஐந்து ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்துக்காகப் போட்ட வயரும் சுவிட்சும் அதன்பின் 135 வாட்டை, பதினொரு ஆம்பியருக்கும் மேல், சுமந்தன. ஒன்றரை மாதத்தில், லோயர்கேம்பிலிருந்து ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில், மனைவி பின்னால் அமர்ந்திருக்க, வண்டி அணைந்தது. பிறகு அடிக்கடி அணைந்தது. சர்வீஸ் சென்டரில் டேப்பைப் பார்த்ததுமே, மின்சாரப் பகுதிகளுக்கு இனி வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கோளாறு என் விளக்கால் வந்ததா, பெட்ரோல் பம்ப்பின் கப்ளரில், அதாவது வயர் இணைப்பில், தொடக்கத்திலிருந்தே தளர்வு இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. நான் 7,400 ரூபாய் கட்டினேன்.

இன்ஜினைப் பொறுத்தவரை இது இன்னும் நுட்பமானது. புது சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இழைத்திருப்பார்கள். பிஸ்டன் ரிங்குகள் அவற்றின் முகடுகளைத் தேய்த்துத் தேய்த்துத்தான் சுவரோடு பொருந்துகின்றன. எரியும் வாயுவின் அழுத்தமே ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவதால், ஒரே வேகத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டிருப்பதும் நல்லதல்ல, முழு த்ராட்டில் திருகுவதும் நல்லதல்ல. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். எங்கள் மலைச்சாலை இதற்கு ஏற்றதென்றே சொல்வேன், ஆனால் ஏற்றத்தில் இன்ஜின் திணறும்வரை மேல் கியரிலேயே இழுக்காமல், முன்கூட்டியே கியரைக் குறைக்க வேண்டும். அப்படித் தேய்ந்த உலோகத் துகள்கள் ஆயிலில் கலந்திருப்பதால்தான், ஆயில் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் முதல் சர்வீசில் அதை மாற்றிவிடுகிறார்கள்.

இந்த நேரத்தில் சைலன்சரை மாற்றினால் என்ன ஆகும்? 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ் 6 (புகை வரம்பு விதி) வண்டிகளில், வெளியேறும் புகையிலுள்ள ஆக்சிஜனை ஒரு சென்சார் அளக்க, அதைக் கொண்டு இசியு என்னும் வண்டியின் கணினி பெட்ரோலின் அளவைத் திருத்துகிறது. அந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. முழு த்ராட்டிலில் சென்சாரைப் பொருட்படுத்தாமல் ஏற்கெனவே பதிந்த கணக்கின்படியே இசியு பெட்ரோல் விடுகிறது. புகை போகும் வழி பெரிதும் மாறினால் காற்று மிகுந்து பெட்ரோல் குறையலாம். அப்போது சூடு கூடும். ரிங்குகள் இன்னும் படியாத இன்ஜினுக்கு அந்தச் சூடு ஆகாது. பின்னர் ஆயில் குறையத் தொடங்கினால், குறை ரிங்கிலா சைலன்சரிலா என்று யாரிடம் போய் வாதிடுவது?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்துக்குள் போனால்தான் பிடிப்பார்கள் என்று எங்கள் பக்கம் பலர் நம்புகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இரண்டு மாநிலங்களுக்கும் ஒன்றுதான். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. சீட் கவர் மாற்றியவரிடம்கூட "வாரண்டி போய்விட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது அநீதி. எந்த மாற்றம் எந்தப் பாகத்தைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு மறுப்பவருக்கு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே மறுத்தால், காரணத்தை ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரில் வேலை விவரம் எழுதும் தாளில்) எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். டெலிவரியின்போது ஷோரூமே கிராஷ் கார்டும் விளக்கும் பொருத்தித் தந்தால், அவை ஒவ்வொன்றும் பில்லில் ஏறியிருக்க வேண்டும். பில் இல்லாமல் பொருத்திய பொருளை, நாளை அவர்களே வெளியில் போட்டதென்று சொல்ல இடமுண்டு.

அக்காள் மகனிடம் கிராஷ் கார்டு மட்டும் இப்போது போதும் என்றேன். அது போல்ட்டில் நிற்பது, கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். ஹேண்டில்பாரை இப்போது தாழ்த்தினால் கேபிள்களும் பிரேக் ஹோஸும் வளையும் விதம் மாறும், அதையும் தள்ளிப்போடச் சொன்னேன். விளக்கை முதல் சர்வீசுக்குப் பிறகு, வயரை வெட்டாமல், பேட்டரியிலிருந்து தனி ஃபியூசும் ரிலேயும் வைத்துப் பொருத்தலாம். அதையும் சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். சைலன்சர் விஷயத்தில் அவன் முகம் வாடியது. அடுத்த சனிக்கிழமை முதல் சர்வீஸ். நானும் உடன் போகிறேன். ஜாப் கார்டை இருவருமாக நின்று படித்த பிறகே கையெழுத்துப் போடுவதாகப் பேசியிருக்கிறோம்.