அவன் தூங்கல, மூச்சு திணறுது

போதை மாத்திரை போட்டு விழுந்து கிடக்குற பையனோட அந்த வீடியோவை இன்னும் எத்தனை குரூப்புல அனுப்புவீங்க? பையன் மல்லாந்து கிடக்கான். சுத்தி நிக்கிறவங்க எல்லார் கையிலயும் செல்போன். "மாத்திரை போட்டுட்டு எப்படித் தூங்குறான் பாரு"ன்னு ஒரு குரல். அவன் தூங்கல. சவுண்டு வெச்சுக் கேளுங்க, தொண்டையில கொரகொரன்னு இழுக்குது. அது குறட்டை இல்ல, மூச்சுக்குழாய் அடைபடுற சத்தம்.

வடசென்னையில வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் போலீஸ் மாத்திரை பிடிச்ச செய்தி வந்தாலே அடிக்கடி அடிபடுற பேரு டேபென்டடால், நைட்ரசெபாம். முதலாவது அபின் வகை வலி மாத்திரை, அடுத்தது தூக்க மாத்திரை. ரெண்டும் சேர்ந்து, மேல ஒரு குவார்ட்டரும் உள்ள போனா மூச்சு மெல்ல மெல்ல நின்னுடலாம். பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12-லேர்ந்து 20 மூச்சு வரணும். அதுக்கும் கீழ இறங்கி, உதடும் நகமும் நீலம் பாரிச்சு, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கிட்டா, வீடியோ எடுக்குற நேரமா அது?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. எழலைன்னா உடனே 108. மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மேல இருக்குற காலை முட்டி மடக்கி முன்னால ஊணி விடுங்க, வாய் தரையைப் பார்க்கட்டும். வாந்தி வெளியே வந்துடும். மல்லாந்தே கிடந்தா அது நுரையீரலுக்குள்ள போகும். மோர், எலுமிச்சம்பழம், உப்புத்தண்ணி எதையும் வாயில ஊத்தாதீங்க. மூச்சே இல்லைன்னா நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120 தடவை அழுத்தணும். பக்கத்துல மாத்திரை அட்டை கிடந்தா எடுத்து ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட குடுங்க. அபின் வகை மருந்தை முறிக்கிற நலாக்சோன் ஊசி டேபென்டடாலுக்குக் கேட்கும், நைட்ரசெபாமுக்குக் கேட்காது. ஊசியோட வேகம் அரை மணியிலேர்ந்து ஒன்றரை மணி நேரம்தான், மாத்திரை அதுக்கு மேலயும் உடம்புல நிக்கும். கண்ணு முழிச்சிட்டான்னு வீட்டுக்கு இழுத்துட்டு வந்துடாதீங்க.

"தெரிஞ்சேதானே போட்டான், சாவட்டும்"னு கமெண்ட் போடப் போறவங்களுக்கு: குடிச்சிட்டு பைக்குல விழுந்தவனைத் தூக்க ஓடுறீங்களே, இவன் மட்டும் யாரு பெத்த புள்ள? "போலீஸ் கேஸ் ஆயிடும்"னு இன்னொரு சாக்கு. 108-க்கு போன் பண்றது குற்றமே இல்ல. போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவுல, போதைக்கு அடிமையானவன் தானா சிகிச்சைக்கு வந்து அதை முழுசா முடிச்சா, போதைப்பொருள் உபயோகிச்சது, சின்ன அளவு வெச்சிருந்தது மாதிரி வழக்குலேர்ந்து விலக்கே உண்டு.

வடசென்னைன்னாலே இப்படித்தான்னு சொல்றவங்க ஒண்ணு சொல்லுங்க, இந்த மாத்திரை எண்ணூர் கடல்லயா விளையுது? நைட்ரசெபாம், டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத எச்1 மருந்துப் பட்டியல்ல இருக்கு. டாக்டர் பேரு, நோயாளி பேரு, அளவு எல்லாம் தனி நோட்டுல எழுதி கடைக்காரர் 3 வருஷம் வெச்சிருக்கணும். அந்த நோட்டை யாரும் கேட்க மாட்டேங்கறீங்க.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. ரூம்ல போட்டுப் பூட்டாதீங்க. ரொம்ப நாளா போட்ட தூக்க மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். புழல் ஜெயில்லேர்ந்தோ மறுவாழ்வு மையத்துலேர்ந்தோ வந்த புதுசுல இன்னும் கண்ணும் கருத்துமா இருங்க. உடம்புக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும், பழைய அளவையே திரும்பப் போட்டா தாங்காது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. போன்ல கேட்கணும்னா போதை மீட்பு உதவி எண் 14446, காசு இல்ல.