நல்ல எச்.எம். யார் என்பதை ரிசல்ட் பிளெக்ஸ் சொல்லாது

ஒவ்வொரு மே மாதமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கே நம் மாவட்டத்து வாட்ஸ்அப் குழுக்கள் முழுக்க "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று வாழ்த்துப் படங்கள் வந்து குவியும். தலைமையாசிரியருக்குச் சால்வை, மாலை, பள்ளி வாசலில் பிளெக்ஸ். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் பல வருஷமாக அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன், அந்த நூறுக்குப் பின்னால் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தவர்களை நேரில் அறிவேன், அவர்களுக்கு எந்த மாலையும் தகும். ஆனால் அதே நூறை வேறு வழியில் எடுக்கிற பள்ளிகளும் இருக்கின்றன. ஒன்பதாவதில் தேறமாட்டான் என்று தெரிகிற பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கிட்டு ஐ.டி.ஐ.யில சேத்துடுங்க, இல்லன்னா பிரைவேட்டா எழுதட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் சதவீதம் தானாக ஏறிவிடும். அந்தப் பையன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான்.

பள்ளியை நடத்துகிறவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது, இன்றைக்கு வராத பிள்ளை எங்கே இருக்கிறது என்பதுதான். மற்ற எல்லாத் திறமையும் அதற்கு அப்புறம்.

நம் ஊர் நிலைமை எல்லோருக்கும் தெரியும். பொங்கல் முடிந்ததும் குடும்பம் குடும்பமாக செங்கல் சூளைக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் கிளம்பிவிடுவார்கள், கூடவே பிள்ளைகளும் போய்விடும். பிப்ரவரியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே வரிசையில் நாலைந்து பேருக்கு ஆப்சென்ட் ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஒரு தலைமையாசிரியரிடம் வேலை பார்த்தேன், மார்கழி மாதமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். எந்த வீடு கிளம்பப் போகிறது, எந்த மேஸ்திரி அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார், வீட்டில் யார் தங்குவார்கள் என்று எல்லாம் எழுதி வைத்துக்கொள்வார். பாட்டி மட்டும் தங்குகிற வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஆயா, பையனை நீங்க வெச்சுக்குங்க, நோட்டு துணிமணி எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று பேசுவார். யாருமே தங்காத வீட்டுப் பிள்ளைக்கு விடுதியில் இடம் கேட்டு அலைவார். எல்லாரையும் நிறுத்த முடியவில்லைதான். ஆனால் போன பிள்ளை எந்த ஊரில், எந்த மேஸ்திரியிடம் இருக்கிறது என்று அந்த நோட்டில் இருக்கும், போன் நம்பரோடு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பே அந்த நம்பருக்கெல்லாம் அவர் போன் போட்டுவிடுவார்.

பெண் பிள்ளை திடீரென்று பத்து நாள் வரவில்லை என்றால் இங்கே அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு இருக்கிற தலைமையாசிரியரும் உண்டு, ஒரு டீச்சரைக் கூட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகிறவரும் உண்டு. கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொல்கிறவர், பேச்சு எடுபடாவிட்டால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்கிறவர், அவர்தான் எனக்குத் தலைவர். உள்ளூர்ப் பகை வரும், கட்சிக்காரர் வந்து சத்தம் போடுவார். அதைத் தாங்குகிற நெஞ்சு வேண்டும்.

பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வேறு விதம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குழந்தை ஒன்றாம் வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும். வெளிமாவட்டத்திலிருந்து புதிதாக வந்த ஆசிரியர் அதை "டல்" என்று முடிவு கட்டிவிடுவார். அந்த இடத்தில் குழந்தையின் மொழியில் நாலு வார்த்தை பேசி ஆசிரியருக்கும் வழிகாட்டத் தெரிந்தவர்தான் அங்கே தலைமைக்குப் பொருத்தமானவர்.

பெற்றோர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில். அந்த நேரத்தில் தக்காளித் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிற அம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்? தீர்மான நோட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவது சுலபம். நான் சொன்ன அதே எச்.எம். கூட்டத்தை முடித்த கையோடு விட்டுவிடமாட்டார், வர முடியாதவர்களுக்காக இருட்டிய பிறகு ஊர் மந்தையில் ஜமக்காளம் விரித்து அதே விஷயங்களை மறுபடி பேசுவார். ஆறாம் வகுப்புப் பெண்கள் ஏன் மதியம் வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. கழிவறையில் தண்ணீர் இல்லை, பிள்ளைகள் எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார்கள். அடுத்த வாரமே குழாய் வந்தது.

மேலதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. தலைமையாசிரியர் பதவி பெரும்பாலும் பணிமூப்பு அடிப்படையில் வருகிறது. நேற்று வரை கணக்கு நடத்தியவர் இன்று எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றுகிற அரசு இணையதளம்) பதிவு, சத்துணவுக் கணக்கு, காலை உணவு, இலவசப் பொருள், கட்டட வேலை, ரிவ்யூ மீட்டிங் என்று மூழ்கிவிடுகிறார், வகுப்பறைப் பக்கம் தலைகாட்ட நேரம் இல்லை. இதில் நல்லவர் என்ன செய்கிறார் என்றால், மேலே இருந்து வரும் அழுத்தத்தைத் தன் மேசையிலேயே நிறுத்திக்கொள்கிறார், வகுப்பு நடக்கும்போது "இந்த லிங்க்கை உடனே ஃபில் பண்ணுங்க" என்று ஆசிரியரை வெளியே கூப்பிடுவதில்லை. ஆனால் ஒரு ஆள் எவ்வளவு காலம் தாங்குவார்? ஒரு எழுத்தர்கூட இல்லாத நடுநிலைப் பள்ளிகளுக்கு, இரண்டு மூன்று பள்ளிக்கு ஒருவர் என்றாவது ஆள் கொடுங்கள். புதிதாகப் பதவி ஏற்பவரை ஒரு மாதமாவது அனுபவமுள்ள ஒரு எச்.எம்.மோடு உட்கார வையுங்கள்.

அப்புறம் ரிவ்யூ மீட்டிங்கில் முதல் கேள்வியாக சதவீதத்தைக் கேட்காதீர்கள். போன வருஷம் எட்டாவது முடித்த பிள்ளைகள், பத்தாவது எழுதிய பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோரும் ஜூன் மாதக் கூட்டத்தில் அந்தப் பட்டியலைக் கேட்கலாம், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. பட்டியல் இல்லை என்று பதில் வந்தால் அன்றே உட்கார்ந்து சேர்ந்து எழுத ஆரம்பியுங்கள், எந்த வீட்டுப் பிள்ளை எங்கே போயிருக்கிறது என்பது உங்கள் தெருவில் உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.