ஊக்கம் குறைந்த பிறகும் நடப்பதற்கு

தை பிறந்ததும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் விடியற்காலையில் நடக்கப் புறப்படுவோர் கூடுவதையும், பங்குனி வெயில் ஏறியதும் அவர்களிற் பலர் காணாமற் போவதையும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். இடையில் விட்டவர்களைப் பற்றி ஊர் சொல்வது “சோம்பல்” என்ற ஒரே தீர்ப்புத்தான். அந்தத் தீர்ப்பு தவறானது, அதனால் தீங்கும் விளைகிறது என்பது என் உறுதியான கருத்து. விடியுமுன் எழுந்து தோட்டத்துக்கு நீர் இறைப்பவரையும், பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறுகின்ற தாயையும் சோம்பேறி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஊக்கம் எல்லோருக்கும் குறையும். அது குறைந்த பிறகும் பயிற்சி நடப்பதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்திருந்தோமா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஊக்கம் ஏன் குறைகிறது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. நம்மிற் பெரும்பாலானோர் கிளினிக்கில் சீனி கூடியிருக்கிறது அல்லது பிரஷர் ஏறியிருக்கிறது என்று சொல்லப்பட்ட நாளின் அச்சத்தில்தான் நடக்கத் தொடங்குகிறோம். அடுத்த பரிசோதனையில் அளவு சற்று இறங்கியதும் அச்சம் போய்விடுகிறது, அதனோடு நடையும் போய்விடுகிறது. மேலும், பழக்கமில்லாத உடலுக்குப் பயிற்சியின் நோவு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நன்றாகத் தெரியும். இரத்த அழுத்தம் இறங்கியதையோ இன்சுலின் முன்பைவிடச் செவ்வையாக வேலை செய்வதையோ நம்மால் உணர முடியாது. செலவு உடனே தெரிந்து வரவு கண்ணுக்குத் தெரியாதிருக்கும் ஒரு காரியத்தை, வெறும் மனவிருப்பத்தின் பலத்தில் மாதக்கணக்கில் தொடர முடியும் என்று எதிர்பார்ப்பதே பிழை.

“வயல் வேலை செய்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு” என்று கேட்கும் பெரியவர்களை நான் மதிக்கிறேன், ஏனெனில் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. லண்டன் பஸ்களில் ஏறி இறங்கி வேலை செய்த நடத்துநர்களுக்கு, இருந்த இடத்திலேயே இருந்து ஓட்டிய சாரதிகளைவிட இதய நோய் குறைவாக இருந்ததை ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்டார். வேலையே உடலைக் காக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் இன்று உழுவது உழவு இயந்திரம், அறுப்பது அறுவடை இயந்திரம், சந்திக் கடைக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில்தான். விதைப்புக் காலத்தில் சில கிழமைகள் கடுமையாக உழைத்துவிட்டுப் பிறகு நீண்ட காலம் உட்கார்ந்திருக்கும் வாழ்க்கையை, நம் பாட்டன்மார் வாழ்ந்த வாழ்க்கை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்குக் கேட்பது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும். கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியால விரைவு நடையில் முதற்பகுதி நிறைவேறிவிடும்.

புதிய பழக்கம் எவ்வளவு காலத்தில் தானாக நடக்கும் அளவுக்கு ஊறும் என்பதை லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடன் சேர்ந்தவர்களும் 96 பேரிடம் ஆராய்ந்தார்கள். இடைநிலை அளவு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு மாதத்தில் பழகியது நமக்குப் பழகவில்லை என்று மனம் தளர்வதற்குக் காரணமே இல்லை. அதே ஆய்வில், ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவுக்குப் பாதிக்கப்படவில்லை என்பதும் தெரிந்தது. இதை நம் ஊரில் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு செத்த வீடு, ஒரு கலியாணம், வற்றாப்பளைப் பொங்கல் என்று இரண்டு நாள் போனதும் “விட்டுப்போச்சு, இனித் தைக்குப் பாப்பம்” என்று சொல்லி முழு ஆண்டையும் கைவிடுகிறோம். விட்ட நாளுக்கு அடுத்த நாள் என்ன செய்தோம் என்பதைத்தான் தொடர்ச்சியின் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

வன்னியில் இதற்குப் பெரிய சோதனை ஐப்பசியிலிருந்து மார்கழி வரையான மாரிதான். காலபோக விதைப்பும் அந்தக் காலத்திலேயே வருகிறது. குளக்கட்டு சேறாகிவிடும், ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும், இருட்டில் பாம்புக்கும் பயப்பட வேண்டும். 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்டவர்களிடம் மழையில் நடக்கப் போங்கள் என்று சொல்வதில் அறிவில்லை. ஆயினும் மூன்று மாதம் முழுதாக விடுவதற்கு விலை உண்டு. நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை நிறுத்தியபோது, உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் மூன்று கிழமைக்குள் ஏறத்தாழ 7 சதவீதமும் பன்னிரண்டு கிழமையில் 16 சதவீதமளவிலும் குறைந்ததை 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பெற்ற வலுவைத் தக்கவைப்பதற்கோ, அதைப் பெறுவதற்குச் செய்ததைவிடக் குறைந்த உழைப்பே போதும். எனவே மாரிக்கென்று தனியான ஒரு சிறிய பயிற்சி இருக்க வேண்டும்: கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து இருத்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், குதிக்காலை உயர்த்தி நிற்றல், விறாந்தையில் பத்து நிமிட நடை. மழை தொடங்க முன்னரே இதைத் தீர்மானித்து வைப்பது அவசியம். நனைந்த காலையில் யோசிக்கத் தொடங்கினால் போர்வைதான் வெல்லும்.

நேரத்தையும் அவ்வாறே முன்கூட்டிக் கட்டிவைக்கலாம். “நேரம் கிடைக்கும்போது நடப்பேன்” என்பவருக்கு நேரம் கிடைப்பதில்லை. “பிள்ளையை ரியூசனில் விட்டதும் அது முடியும்வரை நடப்பேன்” என்று ஒரு நிகழ்வோடு பிணைத்தவர் அதைச் செய்து முடிக்கிறார். சந்தியில் ஒருவர் நமக்காகக் காத்து நிற்கிறார் என்பதும் பெரிய பலம். நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குவதும், சட்டைப்பையில் இனிப்பு வைத்திருப்பதும் நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு, தனி மனித ஏற்பாட்டால் மட்டும் தீராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீதி விளக்கில்லாத கிராமத்தில், தெருநாய்களுக்கு நடுவே, சில இடங்களில் யானைக்கும் அஞ்சி, ஒரு பெண் விடியற்காலையில் தனியாக நடக்க முடியாது. போரில் காலை இழந்து செயற்கைக் காலோடு நடப்பவருக்குக் கிரவல் வீதி பெரும் வேதனை. மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தே 2020இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலை எழுதியது. நம் விளையாட்டு மைதானங்களோ இன்னும் உதைபந்தும் கரப்பந்தும் ஆடும் இளைஞர்களுக்கு மட்டுமே உரியனவாக இருக்கின்றன. விளையாட்டுக் கழகங்களும் சனசமூக நிலையங்களும் கிழமையில் மூன்று மாலைகளையாவது, இருட்டுவதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தை, பெண்களுக்கும் முதியோருக்கும் நடக்க முடியாதோருக்கும் ஒதுக்க வேண்டும். மைதானத்தின் ஓரத்தைச் சமப்படுத்தி நான்கு வாங்குகளைப் போட்டால், கால் இயலாதவர்கள் அவற்றில் இருந்தபடியே கைகளுக்கும் தோள்களுக்கும் பயிற்சி செய்யலாம். உங்கள் ஊர்க் கழகத்தின் அடுத்த கூட்டத்தில் இதை யாராவது ஒருவர் எழுந்து கேளுங்கள். அங்கே சொல்லப்படும் பதிலை இந்தப் பதிவின் கீழ் எழுதுங்கள்.