ஒட்ட வெட்டச் சொன்னது யார்?

புல்லை நிலத்தோடு ஒட்ட வழித்தெடுத்துவிட்டு, "வடிவாய்த் துப்புரவாக்கி விட்டிருக்கிறன்" என்று சொல்லிக் கூலி கேட்கும் வழக்கத்தை இந்த ஊரில் யார் தொடங்கிவைத்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிற் கொடியேற்றம் நெருங்கியதும், வெளிநாட்டிலிருந்து வரப்போகும் சொந்தங்களுக்காக வீட்டுக்கு வீடு புல்வெட்டும் மெசின் இரையத் தொடங்குகிறது. 25 நாள் திருவிழா முடிந்து அவர்கள் விமானம் ஏறும்போது, புல் இருந்த இடமெல்லாம் செம்பாட்டு மண் திட்டுத் திட்டாக வெளியே தெரிகிறது. உங்கள் வளவிலும் இதுதான் நடந்திருக்கும். இந்த முறை என் வளவிலும் நடந்துவிட்டது, அதுவும் எவ்வளவு உயரத்தில் வெட்ட வேண்டும் என்று நான் விரலை வைத்துக் காட்டிய பிறகு.

வந்த பையன் தோளில் பட்டி போட்டு மாட்டும் மெசினோடு வந்தான். அதன் தலையில் கத்தி இல்லை, தடித்த நைலோன் நூலான தங்கூசிதான் சுற்றியிருந்தது. நான் குனிந்து, புல்லுக்குள் மூன்று விரலைக் கிடையாக வைத்து, "தம்பி, இவ்வளவு உயரம் நிற்க வேணும், நுனியை மட்டும் எடுங்கோ" என்று சொன்னேன். "ஓம் அக்கா, விளங்குது" என்றான். விளங்குகிறது என்று சொன்னவனை நம்பித்தான் குசினிக்குள் போனேன். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும் முன்பே மெசினின் சத்தம் மாறியது. இலையை வெட்டும்போது வரும் சத்தம் வேறு, தங்கூசி மண்ணைக் கிளறும்போது வரும் சத்தம் வேறு. ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஓடிவந்து பார்த்தால் வளவு முழுவதும் செம்புழுதி. கூப்பிட்டேன், கேட்கவில்லை. கையைக் காட்டினேன், அவனும் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டு, முன்னைவிட வேகமாக வீசத் தொடங்கினான். மதிற்பக்கமாகச் சுற்றிப்போய் முன்னால் நின்ற பிறகுதான் மெசின் நின்றது. அதற்குள் படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் பச்சை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

"ஏன் தம்பி இப்படி வெட்டினீங்கள்?" என்று கேட்டேன். "ஒட்ட வெட்டினால்தான் அக்கா கனநாளைக்கு வளராது" என்றான். அதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னான்.

குந்தியிருந்து பார்த்தேன். மலேசியன் புல் இருந்த பக்கத்தில் படர்கொடிகள் கணுக்கணுவாய் நார் கிழிந்து கிடந்தன. கொடி மண்ணைத் தொட்டு வேர்விட்டிருந்த இடங்கள் சிலவற்றில் வேரே மேலே வந்திருந்தது. அறுகு இருந்த பக்கத்தில் இலை ஒன்றும் இல்லை, வைக்கோல் நிறத்தில் குச்சிகள்தான் நின்றன. சோளகம் வீசிக்கொண்டிருக்கிறது, மாதக்கணக்காக நல்ல மழை இல்லை, மத்தியான வெயில் அந்தக் குச்சிகளின் மேல் நேராக விழுகிறது. இப்படிப்பட்ட நாளில் ஒரு செடியின் இலை முழுவதையும் பறித்தால் அது எதைக்கொண்டு உயிர்வாழும் என்று வெட்டுகிறவர்களும் யோசிப்பதில்லை, வெட்டுவிக்கிறவர்களும் யோசிப்பதில்லை.

புல் அடியிலிருந்து வளர்கிறது. அதனால்தான் நுனியை வெட்டினாலும் அது சாவதில்லை. ஆனால் உணவு செய்வது இலை. ஒரு தடவையில் இலை உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது புற்றரை வளர்க்கும் எந்த நாட்டிலும் முதற்பாடமாகச் சொல்லப்படும் விதி. அதற்கு மேல் எடுத்தால், மிச்சமிருக்கும் சேமிப்பையெல்லாம் புதிய இலைக்கே செலவழிக்க வேண்டியிருப்பதால் வேரின் வளர்ச்சி நின்றுபோகிறது. வேர் குறுகினால் கீழே இருக்கும் ஈரம் எட்டாது. நிழல் இல்லாத மண் சூடேறிக் காய்கிறது, வெளிச்சம் பட்ட இடத்தில் கோரை முளைக்கிறது. கோரைக்கு நிலத்துக்குக் கீழே சங்கிலி சங்கிலியாகக் கிழங்கு உண்டு. மேலே எத்தனை தரம் வெட்டினாலும் அந்தக் கிழங்குகளிலிருந்து அது திரும்ப வரும், பக்கத்துப் புல்லோ அவ்வளவு இலகுவில் வராது. ஆக, கனநாளைக்கு வளராது என்று அவன் சொன்னது நான் வளர்த்த புல்லைப் பொறுத்தவரை முழு உண்மை.

இந்தப் பிழையின் வேர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் புல்லுக்கென்று இருந்த கருவி உழவாரம். அப்பர் சுவாமிகள் கையில் ஏந்தியிருப்பதும் அதைத்தான். கோயில் வீதியில் முளைத்த புல்லைச் செருக்கியெடுப்பதைத் தொண்டாகச் செய்தவர் அவர். முற்றம் என்றால் புல் பூண்டு இல்லாமல், கூட்டித் தெளித்து, பாம்பு பூச்சி வந்தால் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் பெரியவர்களின் ஒழுங்கு. அதில் ஒரு குறையும் இல்லை, அந்த முற்றத்தில் விளையாடித்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் காசு கொடுத்துச் சதுர அடிக் கணக்கில் புல் வாங்கிப் பதித்து, தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகும், அதே செருக்கும் மனத்தோடு அதன்மேல் இறங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வேண்டாத புல்லை அழிப்பது ஒரு வேலை, வேண்டிய புல்லை வளர்ப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே மெசினைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தத் தோள் மெசினில் சில்லு கிடையாது. வெட்டும் உயரத்தைத் தீர்மானிப்பது பிடித்திருப்பவனின் கைதான், வெயில் ஏற ஏற அந்தக் கை இறங்கும். வேலியோரம், மதிலடி, கல்லிடுக்கு, பற்றைக் காணி ஆகியவற்றுக்கு அது நல்ல கருவி, மறுக்கவில்லை. சமமான புற்றரைக்கு வேண்டியது நான்கு சில்லும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியும் உள்ள தள்ளு மெசின். அறுகை இரண்டரை முதல் ஐந்து சென்ரிமீற்றர் வரையில் வைத்திருக்கலாம். மலேசியன் புல்லை ஐந்துக்குக் கிட்ட நிறுத்துவது நல்லது, கோடையில் இன்னும் சற்றுக் கூட விட்டாலும் பிழையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் தள்ளாமல் மாற்றித் தள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஈரப் புல்லில் இறங்கவே கூடாது, புல்லும் கிழியும், மண்ணும் இறுகும். சின்னத் துண்டுகளாக விழும் புல்லை அங்கேயே விட்டால் அது உக்கி, எடுத்த சத்தில் ஒரு பங்கை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும். எங்கள் ஊரிலோ அதையும் கூட்டி அள்ளி, மதிலடியில் போட்டு நெருப்பு வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

புல்லோடு நின்றிருந்தால்கூட என் கோபம் இவ்வளவுக்கு வந்திராது. கிணற்றடியில் நின்ற இளம் தேசி (எலுமிச்சை) மரத்தின் அடியையும் அந்தத் தங்கூசி சுற்றி அடித்திருக்கிறது. மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில் பட்டை உரிந்து, உள்ளே ஈரமாய் வெள்ளை தெரிகிறது. இலையில் செய்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறத்தால்தான். சுற்றிவர முழுவதும் உரிந்துவிட்டால் அந்த மரம் இல்லை. ஒரு பக்கத்தில் இரண்டு விரல் அகலம் பட்டை மிஞ்சியிருக்கிறது, அதை நம்பித்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். மரத்தடியைச் சுற்றி ஒரு முழத்துக்குப் புல்லை எடுத்துவிட்டுத் தேங்காய்ப் பொச்சுமட்டை பரப்பியிருந்தேன், மெசின் கிட்ட வரத் தேவையே இருக்கக்கூடாது என்பதற்காக. பொச்சுமட்டைகளை ஒதுக்கிவிட்டு உள்ளே போய் வெட்டியிருக்கிறான். இதை அவசரம் என்று சொல்வதா, அலட்சியம் என்று சொல்வதா? எதுவென்றாலும் தேசி மரத்துக்கு ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் கவனிப்பதில்லை. மெசினின் காப்புத் தகட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். வேறு யாரோ வீட்டில் வெட்டிய புல்லும் மண்ணும் தடித்த அப்பமாய்க் காய்ந்து ஒட்டியிருந்தன, அதற்குள் பாத்தீனியம் என்ற நச்சுக் களையின் வெள்ளைப் பூக்கள். ஒரு பாத்தீனியச் செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். தோலில் பட்டால் கடியும் கொப்புளமும், மூக்கில் பட்டால் தும்மலும் இழுப்பும் வரும் என்பது வடக்கில் எல்லாருக்கும் தெரியும். பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள் என்று எத்தனை காலமாகச் சொல்லிவருகிறார்கள்! அதையே வீடு வீடாகக் காவிக்கொண்டு போகிறது இந்த மெசின். ஒரு வளவிலிருந்து இன்னொரு வளவுக்குப் போகுமுன் ஒரு தும்புத்தடியால் தட்டிவிட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பச்சை போய்விட்டதே என்று கேட்டதற்கு அவன் சொன்ன பரிகாரம் அடுத்த கொதிப்பு: "யூரியா கொஞ்சம் எறிஞ்சு விடுங்கோ அக்கா, ஒரு கிழமையில் பச்சை வந்திடும்." யூரியாவில் 46 வீதம் நைதரசன். இலையே இல்லாத, காய்ந்த புல்லின்மேல் உச்சி வெயிலில் அதை எறிந்தால் மிச்சமிருக்கும் குருத்தும் கருகும். பின்னர் தண்ணீர் ஊற்றினால், வாங்கிக்கொள்ள வேர் இல்லாத நைதரசன் நைத்திரேற்றாகிக் கீழே இறங்கும். கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. அது நேரே கிணற்றுக்குப் போகும். குடிதண்ணீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. வலிகாமப் பகுதித் தோட்டங்களை அண்டிய பல கிணறுகளில் அந்த எல்லை ஏற்கெனவே தாண்டியிருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு அது நஞ்சு. நான் குடிக்கும் கிணற்றுக்குள் யூரியாவை இறக்கிப் புல்லைப் பச்சையாக்க எனக்கு விருப்பமில்லை. உக்கிய மாட்டெருவை அரித்து, நல்ல மணலோடு கலந்து, அரை விரற்கடைத் தடிப்பில் தூவி, தும்புத்தடியால் இழுத்துவிட்டிருக்கிறேன். விடியற்காலையில், கிழமைக்கு இரண்டு தரம், ஒரு சாண் ஆழத்துக்கு ஊறும்வரை தண்ணீர் விடுகிறேன். மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணுக்குள் குத்திப் பார்த்தால் ஊறியது எவ்வளவு என்று தெரியும். நாள்தோறும் பின்னேரத்தில் குழாயால் மேலே தெளிப்பதால் வேர் மேலேயே நிற்கும், இலை இரவு முழுவதும் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். பாதித் தெருவில் அதுதான் நடக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் வரும் பதில் ஒன்றே: "ஏன் இந்தக் கரைச்சல், இன்ரலொக் கல்லைப் பதிச்சு விடுங்கோ." என் சொந்தத் தமக்கையே சொல்லிவிட்டா. ஓடுகிற ஆறென்று வழுக்கையாற்றைத் தவிர வேறொன்றைக் காட்ட முடியாத குடாநாடு இது, அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழும் மழை மண்ணுக்குள் இறங்கினால்தான் அடுத்த ஆவணியில் கிணற்றில் தண்ணீர். வளவு முழுவதையும் கல்லால் மூடி, மழையை ஒழுங்கைக்குத் தள்ளிவிட்டு, பிறகு கிணறு உவர்க்கிறது என்று போத்தல் தண்ணீர் வாங்குகிறோம். மத்தியானத்தில் அந்தக் கல்லின்மேல் வெறுங்காலோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எனக்குப் புத்தி சொல்லட்டும்.

சரி, இனி யாரையும் கூப்பிடாமல் நானே வெட்டுகிறேன் என்று தள்ளு மெசின் வாங்கக் கடைக்குப் போனேன். மெசின் இருக்கிறது, பளபளவென்று கண்ணாடிக்குள் நிற்கிறது. கத்தி மழுங்கினால் மாற்றுக் கத்தி உண்டா என்று கேட்டேன், இல்லையாம். தீட்டிக் கொடுப்பீர்களா என்றேன், அது தங்கள் வேலை இல்லையாம். மழுங்கிய கத்தி இலையை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த நுனி மறுநாளே பழுப்பாகும், வெட்டுவாயால் நோய் ஏறும். இதைத் தெரியாதவர்களா மெசின் விற்கிறார்கள்? "மழுங்கினால் புதுசு வாங்கலாம் தானே" என்று அந்தக் கடைக்காரர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தோட்டக்காரருக்கு மண்வெட்டியும் கத்தியும் தோய்த்துக் கொடுக்கும் கொல்லுப்பட்டறை இன்றைக்கும் ஊரில் இருக்கிறது. இரும்பைக் கண்டால் தீட்டத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், நாளைக்குக் காலையில் போய்க் கேட்கப்போகிறேன். அவர்களும் முடியாது என்றால் அரம் ஒன்று வாங்கி, இரண்டு பக்கமும் நிறை சரியாக வரும்படி நானே தீட்டுவேன். அந்தத் தங்கூசி மெசின் மட்டும் இனி என் படலையைத் தாண்டாது.