விழாவுல ஓடுன பிரதியும் தியேட்டருக்கு வர்ற பிரதியும் ஒண்ணில்ல

‘துணிச்சலான படம், ஆனா இரண்டாம் பாதி இழுவை’ன்னு திரைப்பட விழாவுல ஒரு படத்தைப் பார்த்துட்டு விமர்சகருங்க எழுதியிருக்காவ. அதை வச்சு இப்பவே சண்டை எதுக்கு அண்ணாச்சி? விழாத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று வேண்டாம், ஒன்றிய அரசோட விலக்கு போதும். அவுக பார்த்தது வெட்டுப்படாத பிரதி.

தியேட்டர்னா கதை வேற. ‘ஏ’ சான்று வாங்குன படத்த அப்படியே டிவில போட முடியாது, சாட்டிலைட் விலை, அதாவது டிவி உரிமைக்குக் கிடைக்கிற காசு, அடிபடும். அதனால தயாரிப்பாளரே வெட்டி, வசனத்தை மியூட் பண்ணி, பெத்தவங்க வழிகாட்டுதலோட பிள்ளைகளும் பாக்கலாம்ங்கிற யு/ஏ சான்று கேப்பாரு. 2024 விதிப்படி அதுலயே 7, 13, 16 வயசுன்னு மூணு பிரிவு. சாதிப் பேரு வர்ற இடத்துல வாயசைவு மட்டும் நின்னா, யாரு யாரை ஏசுதான்னே தெரியாது, காட்சி செத்துப்போகும். தணிக்கை வாரியத்தோட மறுஆய்வுக் குழுவும் கைவிட்டா உயர்நீதிமன்றம்தான். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021லயே போயிட்டு. ரிலீஸ் தேதி குறிச்சவன் கோர்ட்டுக்கு அலைவானா?

அந்த விமர்சனத்துல இன்னொண்ணு: வசனத்துல ‘வே’ன்னு கூப்பிடுறது மரியாதைக் குறைவாம்! நெல்லைப் பேச்சுல ‘வே’க்கு ‘நீரு’தான் சேரும், ஒருமைன்னா ‘ஏல’. இது தெரியாம வசனத்தை எடைபோட்டா எப்படி?

படம் தொடங்கும்போது சான்றிதழ் கார்டு வரும்லா, அதுல உள்ள நிமிஷக் கணக்கை விமர்சனத்துல சொன்ன நீளத்தோட ஒத்துப் பாருங்க, ரெண்டும் ஒரே பிரதியா இல்லையான்னு ஒரு துப்பு கிடைக்கும்.