ஜன்னலைத் திறக்கவா, மூடவா?

கொரோனா நேரத்தில் பட்டாசு வெடித்துப் புகை கூட்டாதீர்கள் என்று 2020 தீபாவளிக்கு எழுதியிருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை டெல்லியில் மழை பெய்ததும் அந்தப் பதிவின் கீழே வந்த கமெண்டைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு மழையில் எல்லாம் போச்சு, இதுக்கா இத்தனை புலம்பல்?" அதற்கு லைக் போட்டவர்களில் சிலர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

சனிக்கிழமை, தீபாவளி அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 414. மறுநாள் 435. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலில் 400-ஐத் தாண்டிவிட்டால் அதைவிட மோசமான வகையே கிடையாது. மழைக்குப் பிறகு திங்கட்கிழமை 221-க்கு இறங்கியது. சரி, இறங்கியது. சனிக்கிழமை ராத்திரி இழுத்த மூச்சை எந்த மழை வந்து கழுவும்?

அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன். புகை தனி, கொரோனா தனி என்று பேசாதீர்கள். இரண்டும் போய் இறங்கும் இடம் ஒரே நுரையீரல். புகையில் இருக்கிற பிஎம் 2.5 என்ற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் கடைசிக் காற்றறை வரை போகும், ரத்தத்திலும் கலக்கும். கிருமியை வெளியே தள்ளவேண்டிய மூச்சுக்குழாய் ரோமங்களை முடக்கும். இப்படிப் புண்பட்டுக் கிடக்கிற இடத்துக்குத்தான் வைரஸும் வருகிறது. 2003-இல் கொரோனா வகையைச் சேர்ந்த சார்ஸ் நோய் வந்தபோதே, சீனாவில் காற்று மிக மோசமாக இருந்த பகுதிகளின் நோயாளிகள் நல்ல காற்றுள்ள பகுதிகளில் இருந்தவர்களைவிட இரண்டு மடங்கு இறந்தார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். 2020 நவம்பரில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது இன்னொன்று: ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள பிஎம் 2.5-இன் நீண்டகாலச் சராசரியில் ஒரே ஒரு மைக்ரோகிராம் கூடினால் கொரோனா இறப்பு விகிதம் 11 சதவீதம் கூடுகிறது. அது அமெரிக்க மாவட்டங்களின் கணக்கு, தனித்தனி நோயாளிகளின் கணக்கு அல்ல, தெரியும். ஆனால் அவர்கள் பேசுவது ஒரு மைக்ரோகிராம் பற்றி. டெல்லியின் ஆண்டுச் சராசரியே நூறை ஒட்டி நிற்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் பாசிட்டிவ். மருத்துவமனையில் படுக்கை கிடைக்காத வாரம் அது. நவம்பர் 11-ஆம் தேதி மட்டும் டெல்லியில் 8,593 பேருக்குத் தொற்று. வீட்டிலேயே தனி அறை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்றோட்டம் வேண்டும் என்றார் டாக்டர். தீபாவளி ராத்திரி எட்டு மணிக்குக் கீழே சரவெடி ஆரம்பித்தது. திறந்தால் கந்தகப் புகை. மூடினால் உள்ளே வைரஸ், கஞ்சி கொண்டுபோகிற எனக்கும் சேர்த்து. கடைசியில் மூடினேன். ஈரத் துண்டைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் அடைத்தேன். ஆக்ஸிமீட்டர் காட்டிய ரத்த ஆக்ஸிஜன் அளவு 95-லிருந்து 91-க்கு வந்தது. குப்புறப் படுக்க வைத்து முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெடியால்தான் இறங்கியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. வெடியால் இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 நவம்பர் 30-ஆம் தேதி வரை டெல்லியில் பட்டாசுக்குத் தடை போட்டிருந்தது. அதை எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன். "வருஷத்துல ஒரு நாள்தானே ஆன்ட்டி" என்று பதில் வந்தது.

பஞ்சாபில் வயலில் நெல் தாளை எரிப்பதைக் கேட்டாயா என்கிறார்கள். கேட்டேன். லாரிப் புகை, கட்டுமானத் தூசி எல்லாவற்றையும் வருஷா வருஷம் எழுதுகிறேன். குளிர்காலத்தில் காற்று அசையாமல் எல்லாப் புகையும் தரைக்குப் பக்கத்திலேயே தேங்குகிறது, அதனால்தான் இருப்பதோடு இன்னும் சேர்க்காதீர்கள் என்கிறேன். பண்டிகைக்கு எதிரி என்பவர்களுக்கு ஒன்று: காய்ச்சலோடு படுத்திருந்த அம்மாதான் விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளி என்று அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

சிவகாசிக்காரன் வயிற்றில் அடிக்கிறாய் என்று ஒருவர் எழுதியதுதான் தாங்கவில்லை. எங்கள் ஊர் சிவகாசிக்குப் பக்கத்துச் சாத்தூர். அம்மா பாவாடை கட்டிய வயதில் தீப்பெட்டி ஒட்டினவர். சித்தி மகன் இன்றைக்கும் பட்டாசு ஆலையில்தான் வேலை பார்க்கிறான். கடைசி நேரத்தில் தடை போட்டு, சரக்கு தேங்கி, கூலி நின்றுபோனதற்கு அரசுகள் நஷ்டஈடு தரட்டும், அதற்கு நானும் சேர்ந்து கத்துகிறேன். அவன் பிழைப்புக்காக என் அம்மா மூச்சு முட்ட வேண்டும் என்று அவனே சொல்ல மாட்டான். அன்று ராத்திரி இரண்டு தடவை போன் பண்ணி, "பெரியம்மாவுக்கு இப்ப எவ்வளவு காட்டுது?" என்று கேட்டவன் அவன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கேட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிற காவலாளிக்கு மூட ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. குளிருக்கு மரத்துண்டும் அட்டையும் எரித்து அந்தப் புகையையும் அவரே குடிக்கிறார். இருமல் விடவே இல்லை. பட்டாசுக்குச் செலவழித்த குடியிருப்பில் அவருக்கு ஒரு ஹீட்டரும் நல்ல மாஸ்க்கும் வாங்கித் தர யாருக்கும் தோன்றவில்லை.

நவம்பர் 25-ஆம் தேதிக்கு மேல் இங்கே கல்யாண சீசன். மறுபடியும் வெடிப்பார்கள். மறுபடியும் குழுவில் கேட்பேன், அடங்காவிட்டால் போலீசுக்குப் போன் போடுவேன். குழுவிலிருந்து நீக்குவதென்றால் இப்போதே நீக்கிவிடுங்கள்.